ஸ்டிக்கி ஹெடர் ஒட்டவே மாட்டேன் என்கிறது: டெவ்டூல்ஸில் எங்கே தேடுவது?

விளிம்பு16 · ஜூன் 3, காலை 10.12

பக்கத்தை உருட்டினாலும் திரையின் மேலேயே நிற்க வேண்டிய ஹெடருக்கு (தளத்தின் தலைப்பட்டை) சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) பொசிஷன்: ஸ்டிக்கி, டாப்: 0, இசட்-இண்டெக்ஸ்: 9999 மூன்றும் கொடுத்தாயிற்று. பக்கத்தை உருட்டினால் ஹெடரும் கூடவே மேலே போய்விடுகிறது. க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இதே கதைதான். டெவ்டூல்ஸின் (பிரவுசரிலேயே இருக்கும் சோதனைக் கருவி) ஸ்டைல்ஸ் பலகத்தில் எந்த வரியும் அடிக்கப்படவில்லை, மஞ்சள் முக்கோணமும் இல்லை. ஃபிக்ஸ்ட் (திரையோடு நிலையாக நிற்பது) ஆக்கினால் நிற்கிறது, ஆனால் அடுத்த பகுதி ஹெடருக்கு அடியில் புகுந்துகொள்கிறது. பாடிக்கு 64 பிக்சல் பேடிங் கொடுத்து ஒப்பேற்ற மனமில்லை.

ஸ்டிக்கியை இன்னும் நம்ப முடியாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்.

ஓரவெளி · ஜூன் 3, காலை 10.31

ஃபயர்ஃபாக்ஸ் 32இல் (2014) வந்தது, க்ரோம் 56இல் (2017) வந்தது. நம்பலாம்.

முதலில் இசட்-இண்டெக்ஸை எடுத்துவிடுங்கள். ஒட்டுவதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எது எதன் மேல் தெரியும் என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கும்.

ஹெடரின் ஸ்டைல்ஸையே முறைத்துப் பார்த்துப் பயனில்லை. ஸ்டிக்கி எலிமென்ட், தனக்கு மேலே இருக்கும் பேரன்ட்களில் (தன்னை உள்ளடக்கிய வெளி எலிமென்ட்கள்) மிக அருகிலுள்ள ஸ்க்ரோல் கன்டெய்னரோடுதான் (உருளக்கூடிய பெட்டி) ஒட்டும். ஓவர்ஃப்ளோ (பெட்டியில் அடங்காததை என்ன செய்வது என்ற பண்பு) ஹிட்டன், ஆட்டோ, ஸ்க்ரோல் மூன்றில் எது இருந்தாலும் அந்த டிவ் (பொதுவான பெட்டி எலிமென்ட்) ஸ்க்ரோல் கன்டெய்னர். அது உண்மையில் உருள்கிறதா என்பது கணக்கில் இல்லை. நீங்கள் உருட்டுவது முழுப் பக்கத்தை. ஹெடர் ஒட்டிக் காத்திருப்பதோ உருளவே உருளாத ஒரு ராப்பரோடு (சுற்றி வைத்த வெளிப் பெட்டி).

எஃப்12, எலிமென்ட்ஸ் தாவல், ஹெடரைச் சொடுக்குங்கள். கம்ப்யூட்டட் பலகத்தின் வடிகட்டும் பெட்டியில் ஓவர்ஃப்ளோ என்று தட்டுங்கள். பிறகு கீபோர்டில் இடது அம்புக்குறி: முதல் தடவை எலிமென்டை மூடும், அடுத்த தடவை பேரன்டுக்கு ஏறும். வடிகட்டி அப்படியே நிற்கும். எச்டிஎம்எல் வரை ஏறிக்கொண்டே போங்கள். விசிபிள் அல்லது கிளிப் தவிர வேறு மதிப்பு எங்கே தெரிகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

விளிம்பு16 · ஜூன் 3, காலை 10.58

கிடைத்தது. பேஜ்-ராப் என்ற டிவ். ஆனால் விசித்திரம்: கம்ப்யூட்டட்டில் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிட்டன், ஓவர்ஃப்ளோ-ஒய் ஆட்டோ என்று காட்டுகிறது. நான் எழுதியது எக்ஸ் மட்டும். ஒய்யை யார் எழுதினார்? மொத்தக் கோப்பிலும் தேடிவிட்டேன், இல்லை.

கம்ப்யூட்டட்காரன் · ஜூன் 3, காலை 11.20

யாரும் எழுதவில்லை, விதி எழுதியது. ஒரு அச்சில் ஹிட்டன், ஆட்டோ, ஸ்க்ரோல் எதையாவது கொடுத்துவிட்டு மறு அச்சை விசிபிளாக விட்டால், பிரவுசர் அதை ஆட்டோவாக மாற்றிவிடும். ஒரு திசையில் வெட்டி, மறு திசையில் வழியவிடுவது ஹிட்டனால் ஆகாது. ஸ்டைல்ஸ் பலகம் நீங்கள் எழுதியதைக் காட்டும், கம்ப்யூட்டட் பலகம் நடந்ததைக் காட்டும். இந்த மாதிரி விவகாரத்தில் இரண்டாவதைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

பக்கவாட்டு வெட்டு கட்டாயம் வேண்டுமென்றால் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: கிளிப். அது ஸ்க்ரோல் கன்டெய்னரை உண்டாக்காது, ஒய்யும் விசிபிளாகவே இருக்கும், ஸ்டிக்கி தப்பிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 81, க்ரோம் 90, சஃபாரி 16 முதல் உண்டு. பழைய ஐஃபோன்களைக் கவனிக்க வேண்டிய தளமென்றால் சஃபாரி எண்ணை மனதில் வையுங்கள்.

விளிம்பு16 · ஜூன் 3, காலை 11.34

ராப்பரில் ஓவர்ஃப்ளோ வரியின் டிக்கை எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஒட்டவில்லை.

கம்ப்யூட்டட்காரன் · ஜூன் 3, காலை 11.41

ரீசெட் (பிரவுசரின் இயல்புத் தோற்றத்தைச் சமப்படுத்தும்) கோப்பில் எச்டிஎம்எல், பாடி இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிட்டன் என்று இருக்கும். பாருங்கள்.

விளிம்பு16 · ஜூன் 3, காலை 11.43

இருக்கிறது. ஜோசியமா?

கம்ப்யூட்டட்காரன் · ஜூன் 3, மதியம் 12.05

பாதித் தளங்களில் இருக்கும் வரி அது. பாடியில் மட்டும் எழுதியிருந்தால் ஆபத்தில்லை. எச்டிஎம்எல் விசிபிளாக இருக்கும்வரை பாடியின் ஓவர்ஃப்ளோ மேலே வியூபோர்ட்டுக்கு (பக்கம் தெரியும் திரைப்பகுதி) போய்விடும், பாடி ஸ்க்ரோல் கன்டெய்னர் ஆகாது. எச்டிஎம்எல்லில் மட்டும் எழுதினாலும் அதே. இரண்டிலும் எழுதினால்தான் சிக்கல்: எச்டிஎம்எல்லுடையது வியூபோர்ட்டுக்குப் போக, பாடியுடையது பாடியிலேயே தங்கி, பாடி தனி ஸ்க்ரோல் கன்டெய்னர் ஆகிவிடும்.

இங்கே கம்ப்யூட்டட் பலகமும் கொஞ்சம் ஏமாற்றும். பாடியில் மட்டும் எழுதி, அது மேலே போய்விட்ட நிலையிலும் பலகம் பாடிக்கு நேரே ஹிட்டன் என்றே காட்டும். ஆகவே பாடியில் ஹிட்டனைப் பார்த்ததும் கைவைக்காமல் எச்டிஎம்எல்லையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஓரவெளி · ஜூன் 3, மதியம் 12.22

மேலே நான் சொன்ன அம்புக்குறி வழி பத்துப் பன்னிரண்டு அடுக்குக்குச் சரி. ரியாக்ட் பக்கங்களில் ஐம்பது டிவ்கள் அடுக்கியிருக்கும்போது கன்சோல் (டெவ்டூல்ஸில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதி ஓட்டும் இடம்) வேகம். எலிமென்ட்ஸில் தேர்ந்தெடுத்திருப்பது கன்சோலில் $0 என்ற பெயரில் கிடைக்கும். $0இல் தொடங்கி பேரன்ட்எலிமென்ட் வழியாக ஏறும் ஒரு வைல் லூப், ஒவ்வொரு அடுக்கிலும் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் போட்டு ஓவர்ஃப்ளோவை எடுத்து, அதில் ஹிட்டன், ஆட்டோ, ஸ்க்ரோல் இருந்தால் எலிமென்டையே அச்சிடச் சொல்லுங்கள். அச்சானதன் மேல் மவுஸ் வைத்தால் பக்கத்தில் நீலமாக ஒளிரும். இதை சோர்சஸ் தாவலில் ஸ்னிப்பெட்டாகச் சேமித்துவைத்தால் எந்தத் தளத்திலும் ஓட்டலாம்.

ஃபயர்ஃபாக்ஸில் எலிமென்ட் பக்கத்தில் 'ஸ்க்ரோல்' என்று குட்டிப் பேட்ஜ் வருமே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. உள்ளடக்கம் உண்மையிலேயே நிரம்பி வழிந்தால்தான் அந்த பேட்ஜ். நம் பேஜ்-ராப் உயரம் ஆட்டோ, உருட்ட எதுவுமில்லை, பேட்ஜும் இல்லை. குற்றவாளி சாதுவாக நின்றுகொண்டிருப்பார்.

விளிம்பு16 · ஜூன் 3, மாலை 4.10

இரண்டையும் நீக்கியதும் ஒட்டிக்கொண்டது. என் கட்சியைக் கலைத்துவிட்டேன்.

ஆனால் மொபைலில் இப்போது பக்கம் இடமும் வலமும் ஆடுகிறது. அந்த ஹிட்டன் எதற்கு வந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

நடுவரி · ஜூன் 3, மாலை 4.47

அந்த வரி நோயை மறைத்து வைத்திருந்தது. கிளிப் போட்டும் மறைக்கலாம். ஆனால் முதலில் எது வழிகிறது என்று பார்த்துவிடுவோம்.

கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் அழுத்தி டிவைஸ் பட்டையைத் திறந்து அகலத்தை 360 ஆக்குங்கள். கன்சோலில் டாக்குமென்டில் உள்ள எல்லா எலிமென்டையும் எடுத்து, கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் தரும் ரைட் மதிப்பு டாக்குமென்ட்எலிமென்டின் கிளையன்ட்விட்த்தை விட அதிகமாக இருப்பவற்றை மட்டும் வடிகட்டுங்கள். பெரிய பட்டியல் வந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று வழிந்தால் அதன் பேரன்ட்களும் நீண்டிருக்கலாம். பட்டியலில் மரத்தின் ஆழத்தில் இருப்பதைப் பிடியுங்கள். இங்கேதான் ஃபயர்ஃபாக்ஸ் பேட்ஜ் கைகொடுக்கும்: 'ஸ்க்ரோல்' பேட்ஜைச் சொடுக்கினால் வழிவதற்குக் காரணமான எலிமென்டுகளில் 'ஓவர்ஃப்ளோ' பேட்ஜ் தெரியும்.

தமிழ்த் தளம் என்றால் என் முதல் சந்தேகம் தலைப்பு மேல்தான். 'பல்கலைக்கழகங்களுக்கிடையேயான' என்ற ஒரே சொல் 32 பிக்சல் எழுத்தில் 360 பிக்சல் திரையில் அடங்காது. நடுவில் இடைவெளி இல்லாததால் பிரவுசர் உடைக்காது. டிசைன் கோப்பில் ஆங்கிலத் தலைப்பு வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

விளிம்பு16 · ஜூன் 3, மாலை 5.15

தலைப்பேதான். ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட் போட்டேன். சாதாரணப் பத்தியில் உடைகிறது. கார்டுக்குள் இருக்கும் தலைப்பு உடைய மறுக்கிறது. கார்டு ஃப்ளெக்ஸ் (உள்ளிருப்பவற்றை வரிசையில் நிறுத்தி நீட்டிச் சுருக்கும் லேஅவுட்).

நடுவரி · ஜூன் 3, மாலை 5.29

ஃப்ளெக்ஸ் ஐட்டத்துக்கு மின்-விட்த் இயல்பாக ஆட்டோ. அதாவது தன் உள்ளடக்கத்தின் குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே சுருங்காது. பிரேக்-வேர்ட் அந்தக் குறைந்தபட்சக் கணக்கில் சேராது, எனிவேர் சேரும். ஆக ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர் போடுங்கள், அல்லது ஐட்டத்துக்கு மின்-விட்த்: 0 கொடுத்து பிரேக்-வேர்டையே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவது பிடிக்கும். எனிவேர் சில இடங்களில் பத்தியை ஓர் எழுத்து அகலத்துக்கு நசுக்கிவிடும், குறிப்பாக டேபிள் செல்லில்.

க்ரிட்டிலும் (கட்டம் கட்டி அடுக்கும் லேஅவுட்) இதே நோய். 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்றால் உள்ளே மின்மேக்ஸ்(ஆட்டோ, 1எஃப்ஆர்). மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுதினால் சுருங்கும்.

எது தடுக்கிறது என்று உறுதிசெய்ய: ஃப்ளெக்ஸ் ஐட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபயர்ஃபாக்ஸ் லேஅவுட் பலகத்தில் ஃப்ளெக்ஸ் பகுதியைப் பாருங்கள். அடிப்படை அளவு, எவ்வளவு சுருங்க வேண்டியிருந்தது, எந்தக் குறைந்தபட்சத்தில் முட்டி நின்றது, இறுதி அளவு எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். க்ரோமில் இவ்வளவு விளக்கமாக இல்லை. இந்த ஒரு வேலைக்காகவே ஃபயர்ஃபாக்ஸைத் திறப்பது உண்டு.

ஓரவெளி · ஜூன் 3, இரவு 8.02

நடுவரி பட்டியலில் ஒன்று விட்டுப்போனது: 100விடபிள்யூ, அதாவது திரை அகலம் முழுதும். விண்டோஸில் ஸ்க்ரோல் பட்டை 15 அல்லது 17 பிக்சல் இடம் பிடிக்கும். 100விடபிள்யூ அந்த இடத்தையும் சேர்த்தே கணக்கிடும். அவ்வளவு பிக்சல் பக்கம் ஆடும். மேக்கில் பட்டை மிதப்பதால் ஒன்றும் தெரியாது. டிவைஸ் பட்டையைத் திறந்தாலும் மொபைல் மாதிரி மிதக்கும் பட்டை வந்துவிடுவதால் பிழை ஒளிந்துகொள்ளும். டிவைஸ் பட்டையை மூடிவிட்டு ஜன்னலைக் கையால் சுருக்கிப் பாருங்கள். தீர்வு: பிளாக் எலிமென்ட் தானாகவே முழு அகலம், அந்த வரியையே அழிக்கலாம். இல்லாவிட்டால் 100%.

கம்ப்யூட்டட்காரன் · ஜூன் 4, காலை 9.05

ஓவர்ஃப்ளோ ஒன்றுமில்லை, ஆனாலும் ஒட்டவில்லை என்று வருகிறவர்களுக்காக.

ஸ்டிக்கி தன் பேரன்டைத் தாண்டி வெளியே வராது. ஹெடரை ஹெடர்-ராப் என்று இன்னொரு டிவ்வுக்குள் வைத்து, அதன் உயரமும் 64, ஹெடர் உயரமும் 64 என்றால் நகர இடமே இல்லை. எலிமென்ட்ஸில் இரண்டின் மேலும் மவுஸ் வைத்து வரும் சிறு பெட்டியில் உயர எண்ணைப் பாருங்கள். இரண்டும் சமம் என்றால் இதுதான். ஸ்டிக்கியை வெளி டிவ்வுக்கு மாற்றுங்கள்.

பக்கப்பட்டையில் இதன் மறுபக்கம். க்ரிட்டிலோ ஃப்ளெக்ஸிலோ இரண்டு பத்தி, இடப்பக்கம் ஸ்டிக்கி. அலைன்-ஐட்டம்ஸ் இயல்பாக ஸ்ட்ரெட்ச் என்பதால் பக்கப்பட்டை வரிசையின் முழு உயரத்துக்கும், சொல்லப்போனால் 3000 பிக்சல், நீட்டப்பட்டிருக்கும். பார்வைக்குத் தெரியாது, பின்னணி வண்ணம் இல்லையே. மவுஸ் வைத்ததும் நீலம் கீழே வரை ஓடும். அலைன்-செல்ஃப்: ஸ்டார்ட் போட்டால் முடிந்தது.

டாப் அல்லது பாட்டம் கொடுக்க மறந்தாலும் ஒட்டாது. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மறப்பார்கள்.

விளிம்பு16 · ஜூன் 4, காலை 11.26

ஹெடர் ஒட்டியதும் கண்ணாடி மாதிரி வேண்டும் என்றார்கள். பேக்ட்ராப்-ஃபில்டர்: ப்ளர் 8 பிக்சல் போட்டேன். அழகு. இப்போது மொபைல் மெனு செத்துவிட்டது. மெனு ஹெடருக்குள்தான் இருக்கிறது: பொசிஷன்: ஃபிக்ஸ்ட், இன்செட்: 0. நேற்றுவரை முழுத்திரையும் மூடியது. இன்று ஹெடருக்குள்ளேயே நசுங்கிக் கிடக்கிறது. மெனுவின் சிஎஸ்எஸ்ஸில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஓரவெளி · ஜூன் 4, காலை 11.50

மெனுவின் மேல் மவுஸ் வையுங்கள். பெட்டியில் 360 × 64 என்று வந்திருக்கும். இன்செட் 0 கொடுத்த ஃபிக்ஸ்ட் எலிமென்ட், எதை வைத்து அளக்கப்படுகிறதோ அதன் அளவையே எடுத்துக்கொள்ளும். 360 × 800 வந்திருந்தால் வியூபோர்ட். 64 உயரம் யாருக்கு? ஹெடருக்கு. அவ்வளவுதான் விசாரணை. ஃபிக்ஸ்ட், அப்சல்யூட் இரண்டுக்குமே இன்செட் 0 போட்டு அளவைப் பார்ப்பது கன்டெய்னிங் பிளாக்கை (எதை வைத்து அளக்கப்படுகிறதோ அந்தப் பெட்டி) கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி. ஸ்டைல்ஸில் தற்காலிகமாக எழுதிப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம்.

இதில் ஒரு திருகல்: பேரன்டின் பேடிங் விளிம்புவரைதான் அளப்பார்கள், பார்டரைச் சேர்க்க மாட்டார்கள். 2 பிக்சல் பார்டர் என்றால் எண்ணில் 4 குறையும். குழம்ப வேண்டாம்.

இன்னொரு சோதனை. மெனுவைத் தேர்ந்தெடுத்து, கன்சோலில் டாக்குமென்ட்.பாடி.அப்பென்ட்($0). மெனு பாடியின் கடைசிக்குப் போய்விடும். அங்கே முழுத்திரை ஆனால் குற்றம் மேலே இருந்த ஏதோ ஒரு பேரன்டுடையது. அங்கேயும் நசுங்கினால் குற்றம் மெனுவிடமே. 'ஹெடருக்குள் இருக்கும் மெனு' என்று செலக்டர் எழுதியிருந்தால் ஸ்டைலே போய்விடும், அதைக் கணக்கில் கொள்ளுங்கள். பார்த்ததும் ரீஃப்ரெஷ்.

நடுவரி · ஜூன் 4, மதியம் 12.38

ஃபிக்ஸ்ட்டை வியூபோர்ட்டிடமிருந்து பறிக்கும் பேரன்ட்கள்: ட்ரான்ஸ்ஃபார்ம், பெர்ஸ்பெக்டிவ், ஃபில்டர், பேக்ட்ராப்-ஃபில்டர், கன்டெய்ன்: லேஅவுட் அல்லது பெயின்ட், இவற்றில் ஏதாவதொன்றை வில்-சேஞ்சில் (மாறப்போவதை முன்கூட்டியே சொல்லும் பண்பு) சொல்லியிருப்பது. ரொட்டேட், ஸ்கேல், ட்ரான்ஸ்லேட் என்று தனித்தனியாக எழுதும் புதிய பண்புகளும் சேர்த்தி. ஓவர்ஃப்ளோ லூப்பிலேயே இவற்றையும் சேர்த்துவிடுங்கள்.

ப்ளர் வேண்டும், மெனுவும் ஹெடருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றால், ப்ளரை ஹெடரின் பிஃபோர் போலி எலிமென்டுக்கு மாற்றுங்கள்: கன்டென்ட் வெற்று மேற்கோள், பொசிஷன் அப்சல்யூட், இன்செட் 0, இசட்-இண்டெக்ஸ் -1, அங்கே பேக்ட்ராப்-ஃபில்டர். வண்ணத்தையும் அங்கேயே வையுங்கள், ஹெடருக்குப் பின்னணி வேண்டாம். ஹெடர் ஸ்டிக்கி என்பதால் அதுவே ஒரு ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட் (உள்ளிருப்பவற்றின் மேல்-கீழ் வரிசையைத் தனக்குள்ளேயே அடக்கும் குழு). -1 அதற்கு வெளியே ஓடிப்போகாது. ரிலேட்டிவ் ஹெடரில் இதே வித்தையைச் செய்தால் ப்ளர் பாடிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே ஐசொலேஷன்: ஐசொலேட் சேர்க்க வேண்டும்.

ட்ரான்ஸ்ஃபார்மைத் தேடும்போது அனிமேஷனை மறக்காதீர்கள். பக்கம் ஏறும்போது மெயின் பகுதி கீழேயிருந்து மிதந்து வரும் அனிமேஷன், முடிவில் ட்ரான்ஸ்லேட்ஒய்(0). 0 என்றால் ஒன்றுமில்லை என்று நினைப்போம். பிரவுசருக்கு நன் (none) மட்டும்தான் ஒன்றுமில்லை. 0 என்றாலும் ட்ரான்ஸ்ஃபார்ம் இருக்கிறது என்றுதான் கணக்கு. கடைசி கீஃப்ரேமில் ட்ரான்ஸ்ஃபார்ம்: நன் என்று எழுதுங்கள்.

கம்ப்யூட்டட்காரன் · ஜூன் 4, மதியம் 1.14

கடைசி வரிக்குத் திருத்தம். ஃபில்-மோட் ஃபார்வர்ட்ஸ் (முடிந்த பின்னும் கடைசி நிலையைப் பிடித்து நிற்பது) இருந்தால் நன் என்று முடித்தாலும் போதாது. அனிமேஷன் தன் பிடியை விடாதவரை, அந்தப் பண்பை வில்-சேஞ்சில் சொன்னதுபோலவே பிரவுசர் நடத்தும். ஃபார்வர்ட்ஸை எடுத்துவிட்டு பேக்வர்ட்ஸ் மட்டும் வையுங்கள். முடிவு நிலையும் இயல்பு நிலையும் ஒன்றாக இருக்கும்போது ஃபார்வர்ட்ஸுக்கு வேலையே இல்லை. இது கம்ப்யூட்டட்டில் பிடிபடாது, ட்ரான்ஸ்ஃபார்ம் நன் என்றே காட்டும். ஸ்டைல்ஸில் அனிமேஷன் வரியின் டிக்கை எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

நடுவரி · ஜூன் 4, மதியம் 1.20

ஏற்கிறேன். பேக்வர்ட்ஸ்.

விளிம்பு16 · ஜூன் 5, காலை 9.40

மெனு பிழைத்தது. டெஸ்க்டாப்பில் ஹெடரிலிருந்து இறங்கும் டிராப்டவுன் முகப்புப் படத்துக்கு அடியில் போகிறது. டிராப்டவுனுக்கு 9999. படத்தின் மேலிருக்கும் எழுத்துக்கு வெறும் 2. கணக்குப் பாடத்தில் எது பெரிது?

ஓரவெளி · ஜூன் 5, காலை 9.58

2தான் பெரிது, உங்கள் ஹெடருக்கு இசட்-இண்டெக்ஸ் இல்லையென்றால். முதல் பதிலில் நான் எடுக்கச் சொன்னேனே, அதன் வட்டி இது. ஒட்டுவதற்கு அது தேவையில்லை, மேலே தெரிவதற்குத் தேவை. கீழே சொல்வதையும் சேர்த்தால் 1 போதும், 9999 வேண்டாம்.

ஸ்டிக்கி ஹெடர் ஒரு ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட். அதற்குள் இருக்கும் 9999, ஹெடருக்குள் இருப்பவற்றோடுதான் போட்டியிடும். வெளியே போட்டி ஹெடருக்கும் அந்த எழுத்துக்கும் இடையில்: ஆட்டோ எதிர் 2.

ஆனால் ஹெடருக்கு 1 கொடுத்தாலும் எழுத்தின் 2 ஜெயிக்கும். 3 கொடுப்பீர்கள், நாளைக்கு யாரோ 4 கொடுப்பார், ஏலம் 2147483647 வரை போகும். அதற்கு மேல் எண் கிடையாது. அதற்குப் பதில் மெயின் பகுதிக்கு ஐசொலேஷன்: ஐசொலேட். உள்ளே யார் எந்த எண் போட்டாலும் மெயினுக்குள்ளேயே அடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் மெயின் ஒரே தட்டு, 0 நிலை. ஹெடர் 1. முடிந்தது.

எட்ஜ் வைத்திருப்பவர்கள், உங்கள் பதிப்பின் கூடுதல் கருவிகளில் முப்பரிமாணக் காட்சி இருந்தால் அதைத் திறந்து இசட்-இண்டெக்ஸ் தாவலைப் பாருங்கள். அடுக்குகளைச் சாய்த்துக் காட்டும். ஃபயர்ஃபாக்ஸில் வேறு வசதி: ஸ்டாட்டிக் எலிமென்டுக்கு இசட்-இண்டெக்ஸ் கொடுத்தால் அந்த வரி சாம்பலாகி, பக்கத்தில் காரணம் சொல்லும் குறி வரும். 70ஆம் பதிப்பு முதல் உண்டு. ஆனால் கான்டெக்ஸ்டுக்குள் சிக்கிய 9999ஐ அது சாம்பலாக்காது. அந்த எண் வேலை செய்கிறது, செய்யும் இடம்தான் வேறு.

கம்ப்யூட்டட்காரன் · ஜூன் 5, காலை 10.30

கான்டெக்ஸ்ட் உருவாக்குபவை நிறைய. ஒப்பாசிட்டி 0.99ஐத்தான் பலர் கோட்டைவிடுவார்கள். ஃப்ளெக்ஸ், க்ரிட் ஐட்டங்களுக்கு பொசிஷன் இல்லாமலேயே இசட்-இண்டெக்ஸ் வேலை செய்யும், கான்டெக்ஸ்டும் பிறக்கும். மிக்ஸ்-பிளெண்ட்-மோட், கிளிப்-பாத், மாஸ்க் இவையும். சந்தேகப்படும் பேரன்டில் ஒவ்வொரு டிக்காக எடுத்து டிராப்டவுனைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேகம்.

விளிம்பு16 · ஜூன் 5, காலை 10.44

பார்த்துக்கொண்டிருக்க விட்டால்தானே. டெவ்டூல்ஸ் பக்கம் மவுஸ் போனதும் டிராப்டவுன் மூடிக்கொள்கிறது.

நடுவரி · ஜூன் 5, காலை 11.02

எப்படித் திறக்கிறது என்பதைப் பொறுத்தது.

சிஎஸ்எஸ் ஹோவர் என்றால், ஸ்டைல்ஸ் பலகத்தின் மேலே ':ஹோவ்' பொத்தானைச் சொடுக்கி ஹோவருக்கு டிக். எந்த எலிமென்டின் மேல் ஹோவர் எழுதியிருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மெனுவைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திறக்கவில்லை என்பார்கள், ஹோவர் எழுதியிருப்பது அதன் பேரன்டான எல்ஐயில் (பட்டியல் உருப்படி).

ஃபோகஸ் போனதும் மூடுகிறது என்றால் க்ரோமில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி, ரெண்டரிங் என்று தட்டித் திறந்து, பக்கம் ஃபோகஸில் இருப்பதாகப் பாவனை செய்யும் தேர்வுக்கு டிக்.

ஜாவாஸ்கிரிப்ட் மூடுகிறது என்றால் கன்சோலில் செட்டைம்அவுட்டுக்குள் டீபக்கர் என்று எழுதி 3000 மில்லிசெகண்ட் கொடுங்கள். என்டர் தட்டிவிட்டு மெனுவைத் திறந்து காத்திருந்தால் பக்கம் உறைந்துவிடும். உறைந்த நிலையிலும் எலிமென்ட்ஸில் டிக் எடுக்கலாம், போடலாம்.

மெனு மரத்திலிருந்தே நீக்கப்படுகிறது என்றால் அதன் பேரன்டில் வலச்சொடுக்கு, பிரேக் ஆன், சப்ட்ரீ மாற்றங்கள். நீக்கும் வரியிலேயே நிற்கும், யார் நீக்கினார் என்பதும் தெரியும்.

விளிம்பு16 · ஜூன் 5, மதியம் 12.15

ஐசொலேட் போட்டதும் சரியானது. மெயினில் ஒரு மோடலும் (பக்கத்தின் மேல் திறக்கும் பெட்டி) இருக்கிறது. அது இப்போது ஹெடருக்கு அடியில். சிரிக்காதீர்கள்.

ஓரவெளி · ஜூன் 5, மதியம் 12.19

சிரிக்கவில்லை. டயலாக் எலிமென்ட், ஷோமோடல்.

நடுவரி · ஜூன் 5, மதியம் 12.50

விரித்துச் சொன்னால்: ஷோமோடலால் திறந்த டயலாக் டாப் லேயருக்கு (எல்லாவற்றுக்கும் மேலான தனி அடுக்கு) போகும். அங்கே இசட்-இண்டெக்ஸ், ஓவர்ஃப்ளோ, பேரன்டின் ட்ரான்ஸ்ஃபார்ம் எதுவும் தொடாது. க்ரோமில் எலிமென்ட்ஸ் மரத்தில் டாப்-லேயர் என்று தனியாகவே காட்டும், டயலாக்குக்குப் பக்கத்தில் பேட்ஜும் வரும். ஓப்பன் என்ற பண்பை மட்டும் கையால் சேர்த்தாலோ வெறும் ஷோ அழைத்தாலோ டாப் லேயருக்குப் போகாது, சாதாரண அப்சல்யூட்டாகவே கிடக்கும். பேட்ஜ் இல்லையென்றால் அதைத்தான் செய்திருப்பீர்கள். 2022 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 98, சஃபாரி 15.4 வந்த பிறகு எல்லா பிரவுசரிலும் உண்டு.

டிராப்டவுனுக்கு பாப்ஓவர் பண்பு இதே வேலையைச் செய்யும். க்ரோம் 114, சஃபாரி 17, ஃபயர்ஃபாக்ஸ் 125. ஆனால் டாப் லேயரில் ஏறியதும் பொத்தானுக்குக் கீழே தானாக நிற்காது, இயல்பாகத் திரை நடுவில் வந்து குந்தும். இடத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மோடலை டயலாக் ஆக்குங்கள், டிராப்டவுனை இப்போதைக்கு அப்படியே விடுங்கள்.

விளிம்பு16 · ஜூன் 6, காலை 10.05

ஆயிற்று. மிச்சம் ஒன்று: விலைப்பட்டியல் டேபிள். மொபைலுக்காக ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ ராப்பர். தலைவரி டிஎச்களுக்கு (தலைப்புச் செல்கள்) ஸ்டிக்கி. ஒட்டாது என்று எனக்கே தெரிகிறது இப்போது. கிளிப்பும் உதவாது, பக்கவாட்டில் உருட்ட வேண்டுமே.

கம்ப்யூட்டட்காரன் · ஜூன் 6, காலை 10.33

உதவாது. ஒரு அச்சு ஆட்டோ என்றால் மறு அச்சில் கிளிப் எழுதினாலும் ஹிட்டனாகிவிடும். ராப்பரையே முழுமையாக உருள விடுங்கள்: மேக்ஸ்-ஹைட் 70விஎச் (திரை உயரத்தில் 70%), ஓவர்ஃப்ளோ: ஆட்டோ, டிஎச்சுக்கு டாப் 0. தலைவரி ராப்பரின் மேல் விளிம்பில் ஒட்டும், 64 கொடுக்கத் தேவையில்லை.

பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ் இருந்தால் உருட்டும்போது தலைவரியின் கோடுகள் மட்டும் கழன்று மேலே போய்விடும். செப்பரேட் ஆக்கி பார்டர்-ஸ்பேசிங் 0 கொடுத்து, கீழ்க் கோட்டை டிஎச்சிலேயே வரையுங்கள். டிஎச்சுக்குப் பின்னணி வண்ணமும் கட்டாயம், இல்லாவிட்டால் கீழே ஓடும் எண்கள் தலைப்போடு கலந்து தெரியும்.

ஓரவெளி · ஜூன் 6, காலை 11.10

ஹெடர் ஒட்டியாயிற்று என்றால் பக்கத்துக்குள் தாவும் லிங்குகளையும் தட்டிப் பாருங்கள். தாவிய தலைப்பு ஹெடருக்கு அடியில் 64 பிக்சல் ஒளிந்திருக்கும். எச்டிஎம்எல்லுக்கு ஸ்க்ரோல்-பேடிங்-டாப்: 80 பிக்சல், 64 ஹெடருக்கு, மிச்சம் மூச்சுவிட. போலி எலிமென்ட் வைத்து மைனஸ் மார்ஜின் கொடுக்கும் பழைய வித்தை இனி வேண்டாம்.

விளிம்பு16 · ஜூன் 6, மதியம் 2.25

போட்டேன், சரியாக நிற்கிறது. விலைப்பட்டியலை அச்சிட்டுப் பார்த்தார்கள். டேபிள் பாதியோடு நின்றுவிட்டது.

நடுவரி · ஜூன் 6, மதியம் 2.41

70விஎச். காகிதத்தில் உருட்ட முடியாதே. ரெண்டரிங் பலகத்தில் சிஎஸ்எஸ் மீடியா வகையை பிரிண்ட் ஆக்கிப் பார்த்துக்கொண்டே சரிசெய்யலாம், ஒவ்வொரு தடவையும் அச்சு முன்னோட்டம் திறக்க வேண்டாம். மீடியா பிரிண்ட்டுக்குள் ராப்பருக்கு மேக்ஸ்-ஹைட்: நன், ஓவர்ஃப்ளோ: விசிபிள். ஹெடரை ஸ்டாட்டிக் ஆக்குங்கள். வேறெங்காவது ஃபிக்ஸ்ட் இருந்தால் அதையும் அங்கேயே டிஸ்ப்ளே: நன், இல்லாவிட்டால் அச்சில் ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும்.